குதிரைவாலியும் கொசுவலையும்

டேனியல் தங்கராஜ் செஸ்ஸில் ஜெயித்தால் கைகுலுக்க மாட்டார். தோற்ற ராஜாவைப் பலகையில் மெல்லப் படுக்க வைப்பார். சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அதற்குக் கழுத்துவரை போர்த்திவிடுவார். கொஞ்ச நேரம் தலையைக் குனிந்து நிற்பார். அதற்கப்புறம்தான் வாயைத் திறப்பார்.

"நல்ல ராசாதான் வே. என்ன செய்ய, வாய்ச்ச ஆளு சரியில்ல."

பாளையங்கோட்டை சங்குமணித் தெருவில், தங்கராஜின் டிரைவிங் ஸ்கூல் முன்னால் கிடந்த பெஞ்சில், இந்த நல்லடக்கம் தினமும் சாயங்காலம் நடந்துவந்தது. அடக்கமாகிற ராஜா எப்போதும் நம்பிராஜனுடையது. வேடிக்கை பார்க்க டீக்கடையிலிருந்து நாலு பேர் கிளாஸோடு வந்து நிற்பார்கள். அதில் ஒருவனாவது, "அண்ணாச்சி, உங்க கடையில ராசாவுக்கு ஒரு கொசுவலை கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவான்.

நம்பிராஜன் தெருமுனையில் கொசுவலைக் கடை வைத்திருந்தார். அவர் தோல்விக்குப் பயந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டில் பரமகல்யாணியிடம் தினமும் தோற்பவர்தான். மத்தியானச் சாப்பாட்டில் தயிர் புளித்துப்போனதில் ஆரம்பிக்கிற வாய்ச்சண்டை, அவள் அண்ணன் கல்யாணத்தில் இவர் இலைக்கு மட்டும் முந்திரி இல்லாத பாயசம் வந்ததுவரை போய், இவர் வாயை மூடிக்கொண்டு கை கழுவப் போவதில் முடியும். அந்தச் சண்டை நடக்காத நாளில் அவருக்குச் சோறு செரிக்காது. பெண்டாட்டியிடம் தோற்பதில் ஒரு சுகம் இருந்தது. பெஞ்சில் தோற்பதில் அது இல்லை.

எனவே ஒரே ஒருமுறை தங்கராஜின் ராஜாவைப் போர்த்திவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அதற்கென்றே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கொசுவலை தைத்து, நாலு மூலையிலும் நாடா வைத்து, கல்லாப்பெட்டிக்குள் பத்திரப்படுத்தினார். வலை தயாராகிவிட்டது. ஜெயிப்பதற்குத்தான் வழி இல்லை.

அப்போதுதான் குதிரைவாலியைப் பற்றிக் கேள்விப்பட்டார். தானியம் இல்லை. உலகம் முழுக்க உள்ள செஸ் பைத்தியங்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம் என்று பொதுவில் வைத்திருந்த செஸ் எஞ்சின் அது. சுத்தமான இலவசம். அந்தக் கடைசி வார்த்தையைப் படித்ததுமே நம்பிராஜனுக்குப் பாதி ஜெயித்துவிட்ட மாதிரி இருந்தது.

கடையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் அதை இறக்கித் தட்டினார். கறுப்பாக ஒரு கட்டம் வந்தது. உள்ளே ஒரு சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். பலகையைக் காணோம், காய்களைக் காணோம். மரியாதைக்கு 'வணக்கம்' என்று அடித்துப் பார்த்தார். கோடு மினுக்கியது. சரி, யோசிக்கிறது போல என்று ஒரு டீ குடித்துவிட்டு வந்து பார்த்தார். அப்போதும் மினுக்கியது. வேறு வழியில்லாமல் உதவி எண்ணைக் கூப்பிட்டார்.

எடுத்தது யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்ரீரஞ்சனி என்ற பல் வைத்தியர். நாளெல்லாம் பல் பிடுங்கிவிட்டு, சாப்பாட்டு இடைவேளையில் உலகத்து நம்பிராஜன்களுக்கெல்லாம் சம்பளம் வாங்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர்.

"அண்ணை, அது வெறும் எஞ்சின். எஞ்சினுக்கு முகம் இல்லை. பலகையைத் தனியா இறக்கி அதோட பொருத்த வேணும்."

"கார் வாங்க வந்தவன்ட்ட எஞ்சின மட்டும் தூக்கிக் குடுத்த மாதிரிலா இருக்கு?"

"சும்மாதானே குடுத்தனாங்கள்," என்றார் ஸ்ரீரஞ்சனி. "சரி, பலகையைப் பொருத்திப்போட்டு வாங்கோ. உங்கட பெட்டி பழசு. இப்ப கம்ப்யூட்டர் சிப்புக்கு ரேஷன் எண்டு தெரியும்தானே? இந்தப் பெட்டியில அது ஒரு காய் நகர்த்த ஒரு மாசம் யோசிக்கும். அதாலதான் நாங்கள் நித்திரை கொள்ளுற தலையளைப் பாவிக்கிறம்."

"எதப் பாவிக்கீங்க?"

"தலை அண்ணை, தலை. ஆள் நித்திரை கொள்ளேக்க மூளையில முக்கால்வாசி சும்மாதானே கிடக்குது? உங்கட ஊரில உறக்கப்பட்டை கட்டுற சனம் இருக்கோ?"

நம்பிராஜன் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இருக்கோவா! தலையில் கட்டிக்கொண்டால் காதோரம் லேசாக ரீங்காரமிட்டு ஆளைத் தூங்கவைக்கிற அந்தப் பட்டையை, 'ஒரு கொசுவலை வாங்கினால் ஒரு உறக்கப்பட்டை இலவசம்' என்று போர்டு எழுதி வைத்துத் தெரு முழுக்க விநியோகித்ததே அவர்தான். பட்டைகள் அத்தனையும் அவர் கடைக் கணக்கில்தான் பதிவாகியிருந்தன. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வெயிலுக்குப் பயந்து தெருவே பட்டையைக் கட்டிக்கொண்டு குறட்டை விடும்.

"ஆனா தலைக்குச் சொந்தக்காரர் சம்மதிக்க வேணும்," என்றார் ஸ்ரீரஞ்சனி.

"பட்டை வாங்கும்போதே எல்லாரும் சம்மதம்னு அமுக்கிட்டாங்கம்மா."

"வாசிச்சிட்டோ அமுக்கினவை?"

"அத யாரும்மா வாசிப்பா?"

மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்டது. யாருடைய வாயோ திறந்தபடி காத்திருந்ததால் அவர் மீதியை வேகமாகச் சொன்னார். மூன்று அளவுகள் உண்டு. 'தலைகள்' என்றால் எத்தனை பேர் மூளை. 'ஆழம்' என்றால் எத்தனை நகர்வு முன்னால் பார்ப்பது. மூன்றாவது 'இளக்காரம்'. எதிராளி நம்மைவிட மட்டம் என்று எஞ்சின் எவ்வளவு தூரம் நினைக்க வேண்டும் என்பதற்கான அளவு அது. கூட்டி வைத்தால் சமாதானத்துக்கே ஒத்துக்கொள்ளாமல் ஏறி மிதிக்கும்.

"மூண்டையும் நடுவில வையுங்கோ. முதலில் இதை வாசிக்கவும் எண்டு ஒரு கோப்பு இருக்கு, அதை…"

நம்பிராஜன் அதற்குள் நன்றி சொல்லி வைத்துவிட்டார். ஓசியில் கிடைப்பதை எதற்குக் குறைத்து வாங்க வேண்டும்? தலைகளைக் கடைசிவரை தள்ளினார். ஆழத்தைக் கடைசிவரை தள்ளினார். இளக்காரம் என்ற பெயரைப் பார்த்ததும் தங்கராஜின் கைக்குட்டை ஞாபகம் வந்தது. அதைத் தள்ளிய தள்ளில் கம்ப்யூட்டர் எலி மேஜையை விட்டே கீழே விழுந்தது.

அன்று மத்தியானம் தெரு தூங்கியது. கடைக்குள் திரையில் ஒவ்வொரு தலையாக விழித்துக்கொண்டது. எந்தத் தலை எவ்வளவு உழைக்கிறது என்று பெயரோடு காட்டியது குதிரைவாலி. முதலிடத்தில், மற்ற எல்லாரையும்விட மும்முரமாக, டேனியல் தங்கராஜின் தலை ஓடிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்து நம்பிராஜன் சிரித்த சிரிப்பில் வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

சாயங்காலம் காதுக்குள் பட்டாணி அளவில் ஒரு ஒலிப்பானைச் செருகிக்கொண்டு பெஞ்சுக்குப் போனார். மத்தியானமே எல்லாவற்றையும் யோசித்து வைத்திருந்த குதிரைவாலி, தங்கராஜ் காயைத் தொடும் முன்பே பதிலைச் சொல்லிவிட்டது. யானை போனது, ராணி போனாள், தங்கராஜின் முகத்தில் இருந்த சிரிப்பும் போனது. கடைசியில் நம்பிராஜன் எதிராளியின் ராஜாவைப் படுக்கவைத்தார். சட்டைப் பையிலிருந்து அந்தக் குட்டிக் கொசுவலையை எடுத்து, நாடாக்களை இழுத்துவிட்டு, அழகாகப் போர்த்தினார்.

டீக்கடையிலிருந்து வேடிக்கை பார்க்க வந்தவர்கள் விசிலடித்தார்கள். தங்கராஜ் குனிந்து வலையை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"நீரா வே?" என்றார் கடைசியில். "நீரா?"

அந்த இரண்டு சொல்லுக்காக நம்பிராஜன் தன் கடையையே எழுதிக் கொடுத்திருப்பார். அன்றைக்கு அவருக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டில் பரமகல்யாணி என்னவோ சொன்னாள். காதில் பட்டாணி இருந்ததால் விழவில்லை. அடுத்த நாளும் ஜெயித்தார், அதற்கடுத்த நாளும் ஜெயித்தார். நாளைக்கு என்ன ஆட்டம் என்று பட்டாணி சொல்வதைக் கேட்டுக்கொண்டே சாப்பிட்டார், அதைக் கேட்டுக்கொண்டே பல் தேய்த்தார்.

ஒரு வாரம் போயிருக்கும். டீக்கடையில் போய் உட்கார்ந்து ஒரு டீ சொன்னார். கடைக்காரர் பேச்சிமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார்.

"டீ போட்டா சீனி கம்மிம்பீரு. சீனி போட்டா ஆறிட்டும்பீரு. சூடாக்கிக் குடுத்தா பேப்பரக் கையில எடுப்பீரு. பேப்பர எடுத்தா இருட்டுத வரைக்கும் பெஞ்ச் போச்சு. டீ கிடையாது வே, கிளம்பும்."

சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. ஆனால் பேச்சிமுத்து இப்படிப் பேசுகிறவர் இல்லை. சண்டை பிடித்துக்கொண்டேயாவது டீயைக் கையில் திணிக்கிறவர். அதிலும் அந்தப் பார்வை! ரோட்டில் கிடக்கிற வாழைப்பழத் தோலைப் பார்க்கிற பார்வை.

பெஞ்சில் அதைவிட மோசம். நம்பிராஜன் முதல் சிப்பாயை நகர்த்தினார். தங்கராஜ் பலகையை ஒரு பார்வை பார்த்தார். தன் ராஜாவைத் தானே படுக்கவைத்து, தன் கைக்குட்டையால் தானே போர்த்தினார்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல ராணி போகும், அப்புறம் குதிரை போகும், அப்புறம் நீரு அந்த வலைய எடுப்பீரு. எதுக்கு மெனக்கெடணும்? போயிட்டு வாரும்."

அவரிடம் கார் ஓட்டப் பழக வந்த பெண்ணையும் அவர் அப்படித்தான் திருப்பி அனுப்பியிருந்தார். "நீ கிளட்ச்ச விடுவ. கார் கம்பத்துல இடிக்கும். ஒங்கப்பா வருவாரு. எதுக்கும்மா?"

தெரு முழுக்க இதே கதைதான். கறிவேப்பிலை விற்கிறவள் விலை சொல்லும் முன்பே வாங்குகிறவள் கதவைச் சாத்தினாள். எதிர்வீட்டுச் செண்பகவல்லியின் மகளுக்கு மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையும் இதே தெருதான். இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் உற்றுப் பார்த்தார்கள். பேரன் காலத்துச் சொத்துத் தகராறுவரை பார்த்துவிட்டார்கள் போலிருக்கிறது. கேசரியைக்கூடத் தொடாமல் எழுந்து போனார்கள். பெண் அறைக்குள்ளே அழுதாளா என்று கேட்டால் அதுவும் இல்லை. அழுது என்ன ஆகப்போகிறது என்பதையும் அவள் பார்த்திருந்தாள். எல்லோருக்கும் எல்லாவற்றின் முடிவும் தெரிந்தது. அதனால் யாரும் எதையும் தொடங்கவில்லை. அவ்வளவு இரைச்சலான சங்குமணித் தெருவில் கேட்டுக்கொண்டிருந்தது காக்கை சத்தம் மட்டும்தான்.

அதெல்லாம்கூடப் போகட்டும். நம்பிராஜனை நிஜமாகவே பயமுறுத்தியது வீடுதான். ஒரு மத்தியானம் பட்டாணியைக் கழற்றி வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். தயிரை ஒரு வாய் வைத்துவிட்டு முகத்தைச் சுளித்தார். பரமகல்யாணி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"புளிச்சிட்டும்பீங்க. நேத்தே சொன்னேனே காதுல விழலையாம்பேன். எங்கண்ணன் கல்யாணத்துக்குப் போவீங்க. முந்திரிக்கு வருவீங்க. கடைசில கை கழுவப் போவீங்க. இப்பவே போய்க் கழுவுங்க."

அவ்வளவுதான். எழுந்து உள்ளே போய்விட்டாள். அன்றிலிருந்து சோறு வந்தது, குழம்பு வந்தது, பேச்சு வரவில்லை. நம்பிராஜன் உப்பில்லை என்று பார்த்தார், உறைப்பு என்று பார்த்தார், அவள் அண்ணனைப் பற்றி வேண்டுமென்றே ஒரு சொல் விட்டுப் பார்த்தார். ஒன்றுக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் கடையில் உட்கார்ந்து அவர் அழுதேவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கு ஃபோன் போட்டார்.

"ஆழத்தை எதில வச்சனீங்கள்?" என்றார் ஸ்ரீரஞ்சனி.

"முழுசா."

"இளக்காரத்தை?"

"அதையும் முழுசாத்தான்."

"ஐயோ அண்ணை! சும்மா கிடைச்சா விளிம்பு தாண்டியோ ஊத்துறது? வாடகைக்கு இருந்த ஆக்கள் போனாப் பிறகும் அடிச்ச ஆணி சுவரில இருக்கும்தானே? அப்பிடித்தான் இதுவும். யோசிக்கிற பழக்கம் தலையில தங்கிப்போகும். இதைத்தான் அந்தக் கோப்பில முதல் வரியில எழுதி வச்சனாங்கள்." விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "உங்கட தெருவில எல்லாத் தலையும் நல்லா உழைச்சிருக்கு. ஒண்டு மட்டும் ஒண்டுமே யோசிக்கேல்லை. சும்மா கிடக்குது."

"அது என் தலையாத்தான் இருக்கும்மா."

ஸ்ரீரஞ்சனி அதை மறுக்கவில்லை. "இண்டைக்கே நிப்பாட்டுங்கோ. கொஞ்ச நாளில மறந்துபோவினம். மறக்கிறதில எங்கட சனத்தை அடிக்க ஆளில்லை. ஆனா ஒண்டு. இது எல்லாருக்கும் திறந்து வச்ச சாமான். ஒளிச்சுப் பாவிக்கேலாது. ஆரின்ர தலையை எடுத்தனீங்களோ, அவரவரிட்டப் போய்ச் சொல்ல வேணும். அதுதான் இதின்ர விலை."

நம்பிராஜன் குதிரைவாலியை அழித்தார். பட்டாணியைச் சாக்கடையில் போட்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். சொல்ல வாயெடுக்கும் முன்பே, "தெரியும், போயிட்டு வாரும்," என்று கதவைச் சாத்தினார்கள். தங்கராஜ் மட்டும் கதவைச் சாத்தவில்லை.

"நீரு மன்னிப்புக் கேப்பீரு. நான் ஏசுவேன். நீரு அழுவீரு. அப்புறம் டீ குடிப்போம்," என்றார். "அந்தக் கடைசி ஒண்ணு மட்டும்தான் உருப்படி. ஆனா பேச்சிமுத்து டீ தர மாட்டான். போயிட்டு வாரும்."

எல்லோர் வாசலிலும் போய் நின்றுவிட்டார். பரமகல்யாணியிடம் மட்டும் சொல்லவில்லை. பயம். கட்டின பெண்டாட்டியின் மண்டைக்குள் ஆணி அடித்தேன் என்று எந்த வாயால் சொல்வது?

முதலில் குணமானது கறிவேப்பிலைக்காரி. ஒரு காலையில், "இந்த விலைக்கு நீயே மரம் வச்சுக்கோ தாயி!" என்று அவள் கத்தியது தெருமுனைவரை கேட்டது. நம்பிராஜன் கடையை விட்டு ஓடிவந்து நின்று கேட்டார். அந்த வாரத்துக்குள் பேச்சிமுத்து சீனி விஷயத்தில் இரண்டு பேரோடு சண்டை போட்டார். செண்பகவல்லி வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார் மறுபடி வந்து, கேசரியைத் தின்று, மண்டபம் பிடிக்கிற விஷயத்தில் அடித்துக்கொண்டு, சந்தோஷமாக நிச்சயம் செய்துவிட்டுப் போனார்கள். தங்கராஜ் பெஞ்சைத் தட்டி நம்பிராஜனைக் கூப்பிட்டார். மூளையை அடகு வைத்தவன் என்று ஆசை தீர ஏசினார், பலகையை விரித்தார், ஒரேயடியாகத் துவைத்து எடுத்தார். கைக்குட்டைக்குக் கையைக் கொண்டுபோனவர் நிறுத்தினார்.

"அந்த வலை எங்க வே?"

நம்பிராஜன் எடுத்துக் கொடுத்தார். தங்கராஜ் அதை நம்பிராஜனின் ராஜாவுக்குப் போர்த்தி, நாடாக்களை ஒவ்வொன்றாக இழுத்துவிட்டார்.

"இது நல்லாருக்கு. உள்ள காத்து போகும்லா?"

டீக்கடையே சிரித்தது. நம்பிராஜனும் சிரித்தார். ஆனால் வீடு நெருங்க நெருங்க அந்தச் சிரிப்பு வற்றிப்போனது. தெருவில் அத்தனை பேரும் தேறிவிட்டார்கள். பரமகல்யாணி மட்டும் தேறவில்லை. மறுநாள் யாழ்ப்பாணத்தைக் கேட்டார். "உங்கட தெருவில இப்ப ஒரு தலையும் ஓடேல்லை அண்ணை, எல்லாம் முடிஞ்சுது," என்றார் ஸ்ரீரஞ்சனி. அப்படியானால் இவளுக்கு மட்டும் ஆணி உள்ளேயே இறுகிவிட்டதா? இனி ஆயுசுக்கும் இந்த வீட்டில் ஒரு சண்டைகூட வராதா?

அன்று சாப்பாட்டுக்குப் போனவர் இலை முன்னால் உட்காரவில்லை. அடுப்படி வாசலில் நின்றார்.

"கல்யாணி, நான் ஒரு பாவம் பண்ணிட்டேன்."

பரமகல்யாணி திரும்பிப் பார்த்தாள். அவர் ஒன்றுவிடாமல் சொன்னார். குதிரைவாலியைச் சொன்னார், தலைகளைச் சொன்னார், எலி விழுகிறவரை தள்ளிய இளக்காரத்தைச் சொன்னார். "நீ மத்தியானம் பட்டையக் கட்டிக்கிட்டுப் படுத்திருக்கும்போது உன் மூளைய நான்…" என்று சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

அவள் முழுவதையும் கேட்டாள். பிறகு எட்டி, மேல்தட்டிலிருந்து நார்த்தங்காய் ஊறுகாய் ஜாடியை எடுத்துக் கீழே வைத்தாள். ஜாடியின் வாயில் துணியை மூடி, துணியைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தது உறக்கப்பட்டை.

"ஓசியில வந்தத நீங்க தலையில கட்டுனா நானும் கட்டணுமாக்கும்? வந்த அன்னைக்கே இதுல கட்டிட்டேன். எறும்பு ஏறாம இருக்கு."

நம்பிராஜன் ஜாடியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி ஜாடியைப் பார்த்தார். ஒன்றுமே யோசிக்காமல் சும்மா கிடந்த அந்த ஒரு தலை இதுதான்.

"அப்ப… அன்னைக்கு நான் சொல்லப்போறது அவ்வளவையும் வரிசையாச் சொன்னியே?"

"அதுக்கு எஞ்சின் வேணுமாக்கும்! கல்யாணம் ஆன மறுவருசமே தெரியும், நீங்க எங்க ஆரம்பிச்சு எங்க முடிப்பீங்கன்னு."

"அந்தப் பார்வை? அந்த இளக்காரம்?"

"அது என்னோடது. எவனும் தள்ளி வைக்கல."

"முடிவு தெரியும்னா பின்ன எதுக்குத் தினமும் என்கூடச் சண்டை போட்ட?"

பரமகல்யாணி ஜாடியைத் துடைத்தாள். "தெரியாமலா போடுதேன்? நீங்க பேசிக் கேக்கணும்னுதான் போடுதேன்," என்றாள். "காதுல பட்டாணிய அடைச்சுக்கிட்டு உக்காந்திருந்தா சுவத்துக்கிட்டயா பேசச் சொல்லுதீங்க? எப்பம் நீங்களா வந்து எம்மூஞ்சியப் பாத்துப் பேசுதீங்களோ, அன்னைக்குப் பேசிக்கிடலாம்னு இருந்தேன்."

நம்பிராஜன் இலை முன்னால் போய் உட்கார்ந்தார். அவள் சோறு போட்டாள், தயிர் ஊற்றினாள். அவர் ஒரு வாய் வைத்தார். தயிர் இன்று புளிக்கவே இல்லை, கட்டித் தயிர், தித்திப்பாகவே இருந்தது. அவர் முகத்தைச் சுளித்தார்.

"தயிர் புளிச்சிட்டு," என்றார்.

"ஆங், ஆரம்பிச்சாச்சா?" என்ற பரமகல்யாணி அடுப்பை அணைத்துவிட்டு, மணைப்பலகையை இழுத்துப்போட்டு அவருக்கு எதிரே உட்கார்ந்தாள்.